மானேஜர் மாறினார், மதியச் சாப்பாடு போயிற்று!

மான்செஸ்டர் என்ற பெயர் நம் மில் தொழிலாளிகளுக்குப் புதிதல்ல. கோயமுத்தூருக்கே "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்று பட்டம் சூட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அசல் மான்செஸ்டரில் பஞ்சாலைச் சங்கு ஊதி வெகு காலமாகிவிட்டது. இன்று அந்த ஊர்ப் பெயரை உலகமெங்கும் கொண்டு போவது நூலும் அல்ல, துணியும் அல்ல, கால்பந்து. மான்செஸ்டர் யுனைடெட் என்ற கிளப்பின் பெயரைக் கேள்விப்படாத வாலிபர்கள் நம் மில் லைன்களில்கூட அதிகம் இருக்கமாட்டார்கள்.

அந்தக் கிளப்பில் 2024 அக்டோபர் 28-ந் தேதி மானேஜரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெயர் எரிக் டென் ஹாக், ஹாலந்துக்காரர். ஐந்து மாதங்களுக்கு முன்பு, மே 25-ந் தேதி, இதே மனிதர்தான் அதே ஊரின் எதிர்க் கிளப்பான மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று தோற்கடித்து எப்.ஏ. கோப்பையை வாங்கித் தந்தார். ஜூலையில் அவருடைய ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். அக்டோபரில் கதவைக் காட்டினார்கள். கிளப் அப்போது 14-வது இடத்தில் கிடந்தது.

இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். நம் மில்லில் மானேஜர் என்றால் ஆபீஸ் அறையில் உட்கார்ந்துகொண்டு கேட்டில் நோட்டீஸ் ஒட்டச் சொல்லுகிறவர். கால்பந்துக் கிளப்பின் மானேஜர் அப்படிப்பட்டவர் அல்ல. பதினொரு பேரைப் பொறுக்கி எடுப்பவர் அவர். யார் தடுப்பது, யார் பந்தைக் கடத்துவது, யார் கோலடிப்பது என்று ஏற்பாடு செய்பவர் அவர். தினமும் ஆட்டக்காரர்களைப் பழக்குகிறவரும் அவரே. முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர்தான். ஆனால் பெரிய சம்பளக்காரர். ஜெயித்தால் மாலை, தோற்றால் பெட்டி.

ஆகவே, பெட்டியைக் கட்டியவுடன் அடுத்தவர் யார் என்று ரசிகர்களிடையே பெரிய சர்ச்சை கிளம்பியது. தாற்காலிகமாகப் பொறுப்பேற்ற ரூட் வான் நிஸ்டல்ரூய் அந்தக் கிளப்பிலேயே ஒரு காலத்தில் கோல் கோலாக அடித்தவர். அவர் நடத்தியவை நான்கு ஆட்டங்கள். மூன்றில் வெற்றி, ஒன்றில் சமநிலை. "வீட்டுப் பிள்ளை இருக்கும்போது வெளியாள் எதற்கு?" என்றது ஒரு கட்சி. லிஸ்பன் நகரின் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து ரூபன் அமோரிம் என்ற இளைஞரைக் கொண்டு வந்தார்கள். அவர் பின்வரிசையில் மூன்று தடுப்பாளர்களை நிறுத்தி ஆட வைப்பவர். "நம் ஆட்டக்காரர்கள் நாலு பேர் வரிசைக்குப் பழகியவர்களாயிற்றே, இது எப்படிப் பொருந்தும்?" என்றது இன்னொரு கட்சி. "அவசரப்படாதே, அவகாசம் கொடு" என்றது மூன்றாவது கட்சி.

"பந்தை யார் உதைக்கச் சொன்னால் என்ன? வயிற்றுப்பாட்டை விட்டுவிட்டு இதென்ன வெட்டிப் பேச்சு?" என்று முகம் சுளிக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. தறியின் சத்தத்தைக் கேட்டே எங்கே இழை அறுந்தது என்று சொல்லுகிறவன் தொழிலாளி. மாட்டின் நடையைப் பார்த்தே அது எத்தனை ஏர் தாங்கும் என்று சொல்லுகிறவன் விவசாயத் தொழிலாளி. அதே கண்ணோடுதான் மான்செஸ்டர் உழைப்பாளி ஆட்டத்தைப் பார்க்கிறான். வாரமெல்லாம் மற்றவன் சொன்னபடி வேலை செய்தவன், வாரக் கடைசியில் "நான் சொல்லுகிறேன் கேள்" என்று வாய் திறக்கும் விஷயம் அது. அதைப் பரிகசிப்பது நமக்கு அழகல்ல.

மேலும், இந்தக் கிளப்பே தொழிலாளர்கள் பெற்ற பிள்ளை! 1878-ல் மான்செஸ்டரின் நியூட்டன் ஹீத் பகுதியில் ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. 1902-ல் கடனில் மூழ்கி அழியவிருந்தபோது பீர் காய்ச்சும் முதலாளி ஒருவர் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தினார். பெயரும் மான்செஸ்டர் யுனைடெட் என்று மாறியது. ஆனாலும் ரத்தம் மாறவில்லை. அந்நாளில் ஆட்டக்காரனுக்கு வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கூலி கொடுக்கக்கூடாது என்று விதி இருந்தது. இந்த அநியாயத்தை எதிர்த்து 1907-ல் மான்செஸ்டரில்தான் ஆட்டக்காரர்களின் யூனியன் பிறந்தது. அதை முன்னின்று கட்டியவர்களில் ஒருவர் பில்லி மெரிடித். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவயதிலேயே இறங்கி வேலை பார்த்தவர்.

"யூனியனை விட்டு விலகு, இல்லாவிட்டால் ஆடக்கூடாது" என்று 1909-ல் கால்பந்து அதிகார பீடம் உத்தரவு போட்டது. பல ஊர் ஆட்டக்காரர்கள் பணிந்துவிட்டார்கள். அந்த வருஷம்தான் கோப்பையை ஜெயித்திருந்த யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணியவில்லை. தாங்களே வேறு இடம் பிடித்துப் பயிற்சி செய்தார்கள். "விலக்கப்பட்டோர் கிளப்" என்று பலகை எழுதி வைத்து அதன் முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக் கொண்டார்கள்! கடைசியில் அதிகார பீடம்தான் இறங்கி வந்தது. யூனியன் பிழைத்தது.

இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய சர்ச்சைக்கு வருவோம்.

"அவகாசம் கொடு" என்ற கட்சியார் எப்போதும் ஒரு பெயரைச் சொல்லுவார்கள்: அலெக்ஸ் பெர்குசன். கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் பகுதியில் பிறந்தவர். தகப்பனார் கப்பல் தளத் தொழிலாளி. இவரே வாலிப வயதில் கருவி செய்யும் தொழிலாளியாக இருந்து, யூனியன் பிரதிநிதியாகவும் நின்று, பயிற்சித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னணியில் இருந்தவர். 1986-ல் யுனைடெட்டின் மானேஜராக வந்தார். மூன்று வருஷம் ஓடியது. லீக் பட்டம் வரவில்லை. 1989 டிசம்பரில் மைதானத்தில் ரசிகர்கள் ஒரு துணியை விரித்தார்கள். மூன்று வருஷமாகச் சாக்குப்போக்குத்தான், போய் வா பெர்கி, என்பது அதன் பொருள். அவர் போகவில்லை. 1990-ல் எப்.ஏ. கோப்பை, 1993-ல் லீக் பட்டம், 2013-ல் ஓய்வு பெறும்போது லீக் பட்டங்கள் மட்டும் 13! அந்தத் துணியை விரித்தவர்களைக் குறை சொல்லுவது நம் நோக்கமல்ல. ரசிகனும் தவறுவான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. டென் ஹாக்கை அனுப்பு என்று கூவியவர்களிலும் ரசிகர்கள் உண்டு.

ஆனால், 2013-க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். மோயஸ் வந்தார், ஒரு வருஷம் முடிவதற்குள் போனார். வான் கால் வந்தார்; 2016-ல் எப்.ஏ. கோப்பையை ஜெயித்த இரண்டாம் நாள் போனார். மொரினோ, சோல்ஷியார், இடையில் தாற்காலிகமாக ராங்னிக், பிறகு டென் ஹாக், பிறகு அமோரிம். ஹாலந்து, போர்ச்சுகல், நார்வே, ஜெர்மனி என்று ஐரோப்பாவையே வலம் வந்தாயிற்று. இத்தனை வைத்தியர்களும் உதவாதவர்களா? அல்லது நோய் வேறு இடத்தில் இருக்கிறதா?

இந்த அத்தனை வருஷமும் மாறாதவர்கள் யார்? அமெரிக்காவின் கிளேசர் குடும்பத்தார். 2005-ல் சுமார் 79 கோடி பிரிட்டிஷ் பவுன் விலைக்குக் கிளப்பை வாங்கினார்கள். தங்கள் மடியிலிருந்து எடுத்தா? பெரும்பகுதி கடன் வாங்கி! அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப்பின் தலையிலேயே அந்தக் கடனைச் சுமத்தினார்கள். உன் ஊர் மிராசுதார் உன் மாட்டை விலைக்கு வாங்க வட்டிக்குப் பணம் வாங்குகிறார். பத்திரத்தை மாட்டின் பேரில் எழுதுகிறார். வட்டியை அந்த மாட்டை உழவிட்டே கட்டுகிறார். மாடு இளைத்தால் ஓட்டுகிறவன் சரியில்லை என்கிறார். இதுதான் சங்கதி. 1902-ல் கிளப் கடன்பட்டதால் முதலாளி வந்தார். 2005-ல் முதலாளி வந்ததால் கிளப் கடன்பட்டது.

2024 பிப்ரவரியில் இன்னொருவரும் சேர்ந்து கொண்டார். ரசாயனத் தொழிலில் பெரும் பணக்காரரான ஜிம் ராட்கிளிப், நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கி, கால்பந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்துக் கொண்டார். மான்செஸ்டர் பக்கத்தில் பிறந்தவர், தானும் ரசிகர் என்று சொல்லிக் கொள்பவர். நல்லது, ரசிகர் வந்துவிட்டார், இனி என்ன ஆயிற்று?

2024 ஜூலையில், டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டிய அதே மாதத்தில், கிளப் சிப்பந்திகளில் சுமார் 250 பேருக்கு ஆட்குறைப்பு என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் அல்ல, பின்னாலிருந்து கிளப்பை நடத்தும் ஊழியர்கள். ஆட்குறைப்பு என்ற வார்த்தைக்கு நம் தோழர்களுக்கு அகராதி தேவையில்லை. அக்டோபரில் டென் ஹாக்கையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்பிய வகையில் கிளப்புக்கு ஆன செலவு 1 கோடியே 4 லட்சம் பவுன். அமோரிமை விடுவிக்க லிஸ்பன் கிளப்புக்குக் கொடுத்தது சுமார் 1 கோடியே 10 லட்சம் பவுன். மூன்றே மாதத்தில் மனம் மாறியதற்கு இத்தனை விலை!

2025 பிப்ரவரியில் மறுபடியும் அறிவிப்பு: இன்னும் 200 பேர் வரை வெளியே. ஐந்து வருஷமாக நஷ்டமாம். அத்துடன் மைதானத்துக் கேண்டீனில் சிப்பந்திகளுக்குக் கொடுத்து வந்த இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்தி, அதற்குப் பதில் பழம் கொடுக்கப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆம், பழம்! கோடியை விட்டெறிந்தவர்கள் குழம்புக் கரண்டியில் மிச்சம் பிடிக்கிறார்கள். நஷ்டம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. கணக்கில் நஷ்டம் இருக்கிறது. அந்த நஷ்டத்தைச் சமையல்காரரா உண்டாக்கினார் என்று கேட்கிறோம்.

ரசிகனையும் விட்டுவைக்கவில்லை. 2024 நவம்பரில், பருவம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, மிச்சமிருந்த டிக்கெட்டுகளுக்கு 66 பவுன் என்று விலை வைத்தார்கள். குழந்தைகளுக்கும் பென்ஷன் வாங்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகையும் அதில் கிடையாது.

மான்செஸ்டர் ரசிகர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் என்று எண்ணக்கூடாது. 1998-ல் பத்திரிகைப் பெருமுதலாளி மர்டாக்கின் டெலிவிஷன் கம்பெனி இந்தக் கிளப்பை விழுங்க வந்தபோது, ரசிகர்கள் ஸ்தாபனம் கட்டி எதிர்த்தார்கள். 1999-ல் சர்க்காரே அந்த வியாபாரத்தைத் தடுக்க வேண்டியதாயிற்று. 2010-ல் நியூட்டன் ஹீத் ரயில் தொழிலாளர்களின் பழைய நிறமான பச்சையும் பொன்னும் கழுத்துத் துணியாக மைதானமெங்கும் அசைந்தது. 2021 மே 2-ந் தேதி மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். லிவர்பூலுடன் நடக்கவிருந்த ஆட்டத்தை அன்று நடத்த முடியவில்லை. 2025 மார்ச்சில் கறுப்புடை உடுத்தி ஊர்வலம் வந்தார்கள்.

2005-ல் இன்னொரு காரியமும் நடந்தது. நமக்கு மிகவும் பிடித்த காரியம். கிளேசர்களுக்கு ஒரு காசும் தரமாட்டோம் என்ற ரசிகர்களில் ஒரு பகுதியினர் தாங்களே ஒரு கிளப் ஆரம்பித்தார்கள்: எப்.சி. யுனைடெட் ஆப் மான்செஸ்டர். ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. பணம் அதிகம் போட்டவனுக்கும் ஒரே ஓட்டுத்தான். அந்த ஓட்டில் தேர்ந்தெடுக்கப்படும் குழுதான் கிளப்பை நடத்துகிறது; மானேஜரை வைப்பதும் அந்தக் குழுவின் பொறுப்பே. கீழ்ப் படியில் ஆரம்பித்து முதல் மூன்று வருஷமும் வரிசையாக மேலே ஏறினார்கள். 2015-ல், நியூட்டன் ஹீத்துக்குப் பக்கத்து மாஸ்டனில் சொந்த மைதானமும் கட்டினார்கள். அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று நாம் எழுதமாட்டோம். 2016-ல் உறுப்பினர்கள் நிர்வாகக் குழுவோடு கடுமையாக மோதி, நிர்வாகிகள் பலர் விலக நேர்ந்தது. சண்டைதான், ஆனால் கேள்வி கேட்டவனுக்கு ஓட்டு இருந்தது, பதில் சொல்ல வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அது சின்னக் கிளப்; பெரிய கோப்பைகள் அதற்கு எட்டாதவை. பெரிய கிளப்பில் மானேஜரைப் பற்றிப் பேசக் கோடி வாய் உண்டு. ஓட்டு ஒன்றுகூடக் கிடையாது.

அமோரிம் வந்த அந்தப் பருவம் 2025 மே மாதம் முடிந்தது. 20 கிளப்புகளில் யுனைடெட் 15-வது. ஸ்பெயின் நாட்டு பில்பாவோவில் நடந்த ஐரோப்பா லீக் இறுதி ஆட்டத்திலும் டாட்டன்ஹாமிடம் 1-0 என்று தோல்வி. இவரை வைப்பதா, மாற்றுவதா என்று மறுபடியும் சர்ச்சை ஆரம்பமாயிற்று. சாப்பாட்டை நிறுத்திப் பழம் கொடுத்தும் ஏன் தோற்றோம் என்று மட்டும் எந்த அதிகாரியும் சொல்லக் காணோம்.