மண்ணெண்ணெய் மானியம் யார் கைக்குப் போகிறது?

குளிர்நாடுகளில் வாழும் எம்மவர்க்கு எரிபொருள் உதவித்தொகை புதிய சங்கதியன்று. பிரித்தானியாவில் 1997 முதல் முதியோர்க்கு வழங்கப்பட்டுவந்த குளிர்காலக் கொடுப்பனவை, 2024 இல் அரசாங்கம் வறிய ஓய்வூதியர்க்கு மட்டும் எனச் சுருக்கியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அதனை இழந்தனர். எதிர்ப்பு வலுத்தது. 2025 இல், இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டு வருமானம் 35,000 பவுணைத் தாண்டாத ஓய்வூதியர் அனைவருக்கும் அது மீண்டும் உரித்தாயிற்று.

மன்னாரில் வீட்டைச் சூடாக்கும் தேவை எவருக்கும் இல்லை. பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் சிறு கடற்றொழிலாளர் குடும்பத்தின் வரவு செலவை நிர்ணயிப்பது மண்ணெண்ணெய். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகுகள் அதிலேயே ஓடுகின்றன. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த அதன் விலை ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. 1,740 ரூபாவுக்கு நிரம்பிய 20 லீற்றர் கலனுக்கு 6,800 ரூபா வேண்டியதாயிற்று. அதே மாதம் மின்கட்டணமும் சராசரியாக 75 வீதம் ஏறியது. (தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன என்பது வேறு கதை.)

பழைய விலையே நீடித்திருக்கவேண்டும் என்று வாதிட நான் வரவில்லை. அது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு நட்டம். மலிவான எண்ணெயை டீசலில் கலந்து இலாபம் பார்த்தோரும் உளர். வறிய குடும்பங்களுக்கும் மீன்பிடி, தோட்டத் துறையினருக்கும் நேரடிப் பண மானியம் வழங்குவதே கொள்கையாக வேண்டும் என அன்றைய எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர கூறியதிலும் தவறில்லை. ஆனால் பணம் கைக்கு வருமுன்னரே விலை ஏறிவிட்டது.

2024 ஒக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த திட்டத்தைப் பார்ப்போம். சிறு படகுகளுக்கு லீற்றருக்கு 25 ரூபா. நாளொன்றுக்கு 15 லீற்றர். மாதம் 25 நாட்கள். ஆகக்கூடியது 9,375 ரூபா, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். அப்போது விலை 183 ரூபாவுக்கு இறங்கியிருந்தது மெய்தான். எனினும் அது பழைய விலையின் இருமடங்குக்கு மேல்.

தொகை சிறிது என்பதைவிட, அது யாரைச் சேர்ந்தது என்பதே என் கேள்வி. மானியம் படகு உரிமையாளருக்கு உரியதாயிருந்தது. கடற்கரை வழக்கமோ பங்கு முறை. பிடித்த மீனை விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவைக் கழித்த பின்னரே பங்கு பிரிப்பர். ஆக, விலையேற்றத்தில் ஒரு பகுதியைச் சுமப்பவர் கூலிக்குப் படகேறும் தொழிலாளி. பின்னர் வரும் மானியத்திலோ அவருக்குப் பங்கு கிடைக்கும் என்ற உறுதியில்லை. படகே இல்லாத விதவையின் வீட்டை இத்திட்டம் எட்டிப்பார்க்கவுமில்லை.

கடற்றொழில் திணைக்களத்தில் படகுகளின் பதிவு உண்டு. அதனைக்கொண்டு எண்ணெய் நிரப்பும் இடத்திலேயே விலையைக் குறைத்துக் கொடுத்தால், கழிக்கப்படும் செலவு குறைந்து பங்காளி வரை பயன் செல்லும். படகில்லாத வறிய குடும்பங்களுக்கு 2023 இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுடன் எரிபொருளுக்கென ஒரு தொகையைச் சேர்க்கலாம். இவ்விரண்டையும், அடுத்த முறை விலையை உயர்த்துவதற்கு முன்னரே செய்யவேண்டும்.