காற்றும் பிறையும் பார்த்து

கடற்கரை விடுமுறை என்றால் விமானக் கட்டணம் எப்போது குறையும் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கைட் சர்ஃபிங் போகிறவர் அப்படிச் செய்தால், பத்து நாளும் மணலில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சுமார் 20 மீட்டர் கயிறுகளின் முனையில் பெரிய பட்டம், காலில் பலகை, இடையில் மனிதர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பிடித்த இந்த விளையாட்டு காற்றை நம்பித்தான் நடக்கிறது.

தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது பாஜே கிராமம். வெண்மணல், இடுப்பளவுத் தண்ணீர், பெரிய அலைகளை வெளியிலேயே தடுத்துவிடும் பவளப் பாறை. கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது சிரமம். ஆனால் ஆண்டு முழுவதும் அல்ல. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தென்கிழக்கிலிருந்து குசி வீசும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்கிலிருந்து கஸ்கஸி. இரண்டும் இந்தியர்களுக்குப் புதியவை அல்ல. கட்ச் வணிகர்களின் பாய்மரக் கப்பல்கள் நூற்றாண்டுகளாகக் கஸ்கஸியில் அங்கே போய், குசியில் ஊர் திரும்பின. ஏப்ரல், மே மாதங்கள் பெருமழைக் காலம். அப்போது ஓட்டல்கள் தரும் தள்ளுபடியைக் கண்டு மயங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. பாஜேயில் ஓதம் மிகப் பெரியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். காலையில் பட்டம் விட்ட இடத்தில் மதியம் நடந்து போகலாம். காற்று அருமையாக வீசும், தண்ணீர்தான் இருக்காது. பிறை பாதியாக இருக்கும் அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவு, தண்ணீரில் இருக்கும் நேரம் அதிகம். ஒரு வாரம்தான் லீவு என்றால் அந்த வாரத்தைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். வீட்டுக் காலண்டரே இதற்குப் போதும்.

முதல் முறை போகிறவர் சொந்தமாகப் பட்டமும் பலகையும் வாங்கிச் சுமப்பது வீண். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். செலவைப் பயிற்சியாளர் மீது செய்வது மேல். பட்டத்தைக் கழற்றிவிடும் பாதுகாப்புப் பிடியைப் பழகாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஒரு வீச்சில் ஆளைத் தூக்கிக் கரையில் அறையும் பலம் அதற்கு உண்டு. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் எத்தனை தேர்ந்தவரும் தனியாகப் போவதில்லை. கடல் முள்ளெலிகளுக்காக ரப்பர் காலணி, வெயிலுக்காக முழுக்கைச் சட்டை, இரண்டும் அவசியம். வெளிநாட்டுப் பயணிகள் தன்னிடமே காப்புறுதி எடுக்க வேண்டும் என்று சான்சிபார் அரசு 2024 அக்டோபரில் கட்டாயமாக்கியது, கட்டணம் 44 டாலர். ஊரில் எடுத்த பாலிசி அதற்கு ஈடாகாது. எனினும், சாகச விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு எது பணம் தரும் என்று பார்த்து வைப்பது நல்லது.

விளம்பரப் படங்களில் வராத விஷயம் ஒன்று உண்டு. கடல் உள்வாங்கியதும் கிராமத்துப் பெண்கள் அந்த மணற்பரப்பில் இறங்குகிறார்கள். குச்சிகளை நட்டு, கயிறு கட்டி, அதில் கடல்பாசி வளர்க்கிறார்கள். 1989 முதல் கிழக்குக் கரையில் நடக்கும் தொழில் இது. நட்டு ஆறு வாரம் காத்திருந்தால்தான் அறுவடை. தண்ணீர் சூடாகிக்கொண்டே போவதால் நல்ல விலை போகும் ரகம் ஆழமில்லாத இடங்களில் அழிந்துவருகிறது. இந்த நிலையில், ஓதம் ஏறியதும் அதே பரப்பின் மேல் பட்டங்கள் பறக்கின்றன. விழுந்த பட்டத்தின் கயிறு பாசிக் கயிற்றில் சிக்கினால் அறுபடுவது ஒரு குடும்பத்தின் வருமானம். சுற்றுலாப் பணம் ஊருக்கு வருகிறது என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. அது அநேகமாக இந்தப் பெண்களின் கைக்கு வருவதில்லை.

பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, பாசித் தோட்டங்கள் எந்தப் பக்கம், எந்த வழியாகக் கடலுக்குள் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். விவரமாகப் பதில் சொல்லாத பள்ளியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். பாஜே கரையில் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை.