இரண்டரையும் இரண்டரையும்

ரமளான் நெருங்கும் நாள்களில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிச் செல்வர் சிலரிடமிருந்து ஒரு வினா நம்மிடம் வருகிறது. "சேமிப்புக் கணக்குக்கு வங்கி தருவது நூற்றுக்கு இரண்டரை. நாம் கொடுக்கவேண்டிய ஜகாத்தும் நூற்றுக்கு இரண்டரை. அதை வாங்கி இதற்குக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமே?" பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூனில் சேமிப்பு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தபின் இவ்வினாவுக்கு வலு கூடிவிட்டது. கேட்போர் குறும்புக்காகக் கேட்கவில்லை, ஆறுதல் தேடுகிறார்கள். அதை வழங்க நம்மால் இயலாது.

ஜகாத் நம் பொருளிலிருந்து பிரியவேண்டிய பங்கு. வட்டியோ நம் பொருளே அன்று. உரிமையில்லாததைக் கொடுத்துக் கடமையைத் தீர்ப்பது எங்ஙனம் கூடும்? கணக்கில் சேர்ந்துவிட்ட வட்டியை எடுத்து, நன்மையை நாடாமல் ஏழைகளிடம் சேர்த்துவிடுமாறு நம் நாட்டு உலமாக்கள் பலர் தீர்ப்பளித்துள்ளனர். அது சுமையை இறக்கிவைப்பது. ஜகாத் அதன்பின்னும் முழுக்கடனாகவே நிற்கும். போகட்டும், ஜகாத்தின் ஆண்டு பிறையாண்டு. வங்கியின் ஆண்டு அதைவிடப் பதினொரு நாள் நீண்டது. வெறுங்கணக்கிலும் இவ்விரண்டும் நேராகவில்லை!

"இவ்வளவு அற்பத் தொகையா வட்டி? விலைவாசிக்கே ஈடாகவில்லையே" என்பார் வேறொரு சாரார். ஈடாகவில்லை என்பது மெய்தான். விலையேற்றத்தை 4 சதவீதத்தில் நிறுத்துவதே ரிசர்வ் வங்கியின் இலக்கு. அவ்விலக்கு நிறைவேறும் ஆண்டிலும் இரண்டரை பெறுபவரின் முதல் தேய்கிறது. ஓர் இலட்சத்துக்கு ஆண்டில் 2,500 ரூபாய். மாதத்துக்கு 208 சொச்சம். ஆம்பூரில் இருவர் வயிறார பிரியாணி உண்ண அது காணாது. ஆயினும் அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையுள்ள வசனங்கள் வட்டியில் சிறிது பெரிது பார்க்கவில்லை. முதல் மட்டுமே உரியதென எல்லை வகுத்துள்ளன. தேய்மானத்துக்கு ஈடாகக் கொள்ளலாமே என்றால், வங்கி அதை ஈடாகத் தரவில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் தன் வசதிப்படியே விகிதத்தை வைத்துக்கொள்கிறது.

நம் சினம் வட்டி வாங்குவோர்மீது மட்டுமன்று. வட்டியைத் தொடாதுவிட்டு, பணத்தை ஆண்டுக்கணக்கில் உறங்கவைத்து, தம்மைப் பேணுதலுடையோர் என எண்ணுவோர்மீதும்தான். ஜகாத்தால் கரைந்துவிடாதிருக்க அநாதைகளின் பொருளைக்கூட வாணிபத்தில் ஈடுபடுத்துமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதை இமாம் மாலிக்கின் முவத்தா பதிவு செய்துள்ளது. 1924-இல் உமராபாத் தாருஸ்ஸலாமை நிறுவிய காகா முஹம்மது உமர் ஒரு தோல் வணிகர். அக்கல்விக்கூடம் பாஸ்புத்தக வட்டியில் எழுந்ததன்று. இன்றோ ஒரே மஹல்லாவில் ஒருவரின் இலட்சங்கள் இரண்டரைக்கு உறங்குகின்றன. அடுத்த தெருவில் காலணியின் மேற்பாகம் தைக்கும் பெண்மணி, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக வாங்கிய குழுக்கடனுக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

அரசு வழிசெய்யட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வட்டியில்லா வங்கிமுறையை ரகுராம் ராஜன் குழு 2008-இல் பரிந்துரைத்தது. அதைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்தது 2017-இல் வெளியாயிற்று. அதற்காக, ஹலால் இலாபம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கண்மூடிக் கொடுப்பதும் ஆகாது. 2019-இல் பெங்களூரில் வீழ்ந்த ஐ.எம்.ஏ. நிறுவனத்தில் நம் மக்கள் இழந்தது வட்டியையன்று, முதலை.

அன்றாடத் தேவைக்கும் பாதுகாப்புக்கும் வேண்டியது வங்கியில் இருக்கட்டும். 5 இலட்சம் வரை அதற்குக் காப்புறுதி உண்டு. வணிகருக்கு வட்டியில்லா நடப்புக் கணக்கு இருக்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி, நாம் கண்ணால் காணக்கூடிய, கணக்குக் காட்டக்கூடிய தொழிலில் இலாபநட்டப் பங்காகச் செல்லட்டும். மற்றொரு பகுதி, ஜமாஅத்தின் பேரேட்டில் பதிவாகி, கர்ளன் ஹஸனாவாகச் செல்லட்டும். வரும் ரமளானிலும் அதே வினாவோடு வருவோரை, அந்தப் பெண்மணியின் தவணை அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு வருமாறு நாம் திருப்பி அனுப்பவிருக்கிறோம்.