புல்வெளியில் ராபின்ஹூட்

ஸினிமாவுக்குப் புறப்படுவதென்றால் நமக்கு எத்தனை கவலைகள் என்று உங்களுக்குத் தெரியாதா? டிக்கெட் கிடைக்குமா, பக்கத்து நாற்காலியில் யார் வந்து உட்காருவார்கள், இரவு ஆட்டம் முடிந்து திரும்பும்போது தெருவில் ஆள் நடமாட்டம் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே போகலாம். டிக்கெட்டும் இல்லை, நாற்காலியும் இல்லை. ஊருக்கு நட்டநடுவே, புல்தரையில் விரிப்பைப் போட்டுக்கொண்டு இரவிலே படம் பார்க்கலாம் என்று சொன்னால் நம்புவீர்களா?

நியூயார்க் நகரத்தில் பிரையன்ட் பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது. பெரிய பொது நூலகத்தின் பின்புறத்தில், வானளாவிய கட்டடங்களுக்கு மத்தியில் அது அமைந்திருக்கிறது. கவிஞரும் பத்திரிகை ஆசிரியருமான வில்லியம் கல்லன் பிரையன்ட் என்பவரின் பெயரை 1884-ல் அதற்குச் சூட்டினார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் அங்கே கோடைத் திங்கட்கிழமைகளில் பழைய படங்களை இலவசமாகக் காட்டி வந்தார்கள். மாலை ஐந்து மணிக்குப் புல்வெளி திறக்கும். உடனே விரிப்பும் கையுமாக ஒரே ஓட்டம்! புல்லின் மேல் நாற்காலி போடக் கூடாது. பிளாஸ்டிக் விரிப்பும் கூடாது. கட்டிக்கொண்டு வந்த பலகாரத்தைப் பிரித்து, அரட்டை அடித்து, சூரியன் மறையும் வரையில் காத்திருக்க வேண்டும்.

அந்தத் திரையில் வந்தவர்களில் எர்ரால் பிளின் நடித்த ராபின்ஹூட்டும் உண்டு. 1938-ல் வெளிவந்த வர்ணப் படம் அது. மேரியனாக வந்தவர் ஒலிவியா டி ஹாவிலண்ட். கோட்டைத் தூணில் இரண்டு நிழல்கள் வாள் வீசிச் சண்டை போடுமே, அந்தக் காட்சியைத் திறந்த வெளியில் பார்ப்பதென்றால் கேட்பானேன்! 1981-ல் வந்த படத்தில் உருண்டு வரும் பாறாங்கல்லுக்குத் தப்பி ஓடிய இந்தியானா ஜோன்ஸும் இந்தப் பூங்காவுக்கு விஜயம் செய்தவர்தான்.

ஆனால், இந்த வீரர்களின் சாகசங்களையெல்லாம் தூக்கி அடிக்கும் ஒரு சாகசம் அந்தப் பூங்காவிலேயே நடந்திருக்கிறது. 1970-களில் அது போதை மருந்து விற்பவர்களின் சந்தையாக இருந்தது. இரவு கிடக்கட்டும், பட்டப்பகலில் உள்ளே நுழையவே பெண்கள் பயந்தார்கள். என்ன காரணம்? தெருமட்டத்துக்கு மேலே உயர்ந்து, வேலியும் புதர்ச்செடிகளும் சூழ, உள்ளே நடப்பது வெளியே தெரியாதபடி பூங்கா மறைந்து கிடந்தது. "அமைதிக்காக" என்று கட்டிய மறைவு, தீயவர்களுக்குத்தான் சௌகரியமாயிற்று.

வில்லியம் வைட் என்பவர் பொது இடங்களில் மனிதர்கள் எப்படி உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்து, படமெடுத்து ஆராய்ந்தவர். அவர் கண்ட உண்மைகளில் ஒன்று நம்மைப் பற்றியது. ஓர் இடம் நல்ல இடமா என்று அறிய வேண்டுமானால், அங்கே பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்! உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெண்கள் அதிக ஜாக்கிரதை உள்ளவர்கள். மனம் ஒப்பாத இடத்திலிருந்து முதலில் விலகுகிறவர்களும் அவர்களே.

பூங்காவைத் திறந்துவிடுங்கள் என்பதுதான் வைட் சொன்ன வைத்தியம். 1988-ல் மூடி, 1992-ல் மறுபடி திறந்தார்கள். வாசல்கள் அகலமாயின, மறைப்புகள் போயின, விளக்குகள் வந்தன. விரும்பிய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளும்படி, சங்கிலியால் கட்டாத நாற்காலிகள் வந்தன. தோண்டியது தோண்டியாயிற்று என்று, புல்வெளிக்கு அடியிலேயே நூலகத்துக்குப் பிரம்மாண்டமான புத்தக அறையும் கட்டினார்கள். கீழே லட்சக்கணக்கான புத்தகங்களுக்கு இடம், மேலே ராபின்ஹூட்!

இதற்கு ஆட்சேபம் சொன்னவர்களும் உண்டு. போக்கிடம் இல்லாத ஏழைகளை ஒதுக்கிவிட்டு, வசதியுள்ளவர்களுக்குப் பூங்காவை அலங்கரித்துக் கொடுத்துவிட்டீர்களே என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஒரு பூங்காவைத் திருத்தினால் மட்டும் வீடற்றவருக்கு வீடு கிடைத்துவிடுமா?

ஆனாலும், ஒரு காலத்தில் பெண்கள் பகலிலேயே சுற்றிக்கொண்டு போன இடத்தில், பிறகு இரவு பத்து மணிக்குத் தாய்மார்கள் மடியில் குழந்தை தூங்க, சாவதானமாகப் படம் பார்த்தார்கள். காவலை மட்டும் பெருக்கி இது நடக்கவில்லை. நாலு பேர் கண்ணில் படும்படி இடத்தைத் திறந்துவிட்டு, நாலு பேர் வருவதற்கு ஒரு காரணத்தையும் கொடுத்ததால் நடந்தது.

அடுத்த முறை உங்கள் பேட்டைப் பூங்காவுக்குப் போகும்போது கொஞ்சம் கணக்கெடுத்துப் பாருங்கள். எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்? விளக்கு வைத்த பிறகு எத்தனை பேர் மிச்சம்? எண்ணிக்கை குறைவாயிருந்தால், "நமக்கென்ன, வீட்டிலேயே இருந்துவிடலாம்" என்று திரும்பிவிடாதீர்கள். எந்த மூலை இருட்டாக இருக்கிறது, எந்தப் புதர் வழியை மறைக்கிறது என்று குறித்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். அதற்கு வாளும் வேண்டாம், வில்லும் வேண்டாம்!