மூடியை யார் வாங்குவது?

மேன்ஹோல் மூடிக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கிளாஸில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். திருவண்ணாமலையில் வீடு, லாட்ஜ், மண்டபம் என்று கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2024-ல் ஊர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஒவ்வொரு புதுக் கட்டடத்தின் வாசலிலும் ஒரு சேம்பர், அதற்கு ஒரு மூடி. டைல்ஸ் கலருக்காக நாலு கடை ஏறி இறங்கும் ஓனர், இந்த மூடியை மட்டும் "நீங்களே பார்த்துப் போட்டுடுங்க" என்று மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறார். அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

எல்லா மூடியும் ஒன்றல்ல. வார்ப்பிரும்பு மூடிக்கென்றே ஐ.எஸ். 1726 என்று ஒரு தரநிலை இருக்கிறது. தாங்க வேண்டிய சுமையை வைத்து நாலு வகை: 2.5, 10, 20, 35 டன். முதல் வகை ஆள் நடக்கிற இடத்துக்கு. கார் நிற்கிற இடத்துக்கு இரண்டாவது. கனரக வண்டி வந்தால் மூன்றாவது. மத்தியப் பொதுப்பணித் துறை கணக்குப்படி 455 x 610 மி.மீ. லைட் டியூட்டி மூடியும் ஃப்ரேமும் சேர்த்துக் குறைந்தது 38 கிலோ. 560 மி.மீ. வட்ட மூடி, ஹெவி டியூட்டி என்றால் மூடி 108, ஃப்ரேம் 100, ஆக 208 கிலோ!

இரும்பு கிலோ விலைக்குத்தான் வரும். மொத்தமாகப் பேசி எடுத்த காண்ட்ராக்டில் குறைகிற ஒவ்வொரு கிலோவும் காண்ட்ராக்டருக்கு மிச்சம். உடைகிறபோது அவர் வேறு சைட்டில் இருப்பார். மிச்சம் ஒருவர் கணக்கில் வரவு, கால் முறிந்த செலவு இன்னொருவர் கணக்கில் பற்று. பி.காம். படிக்காதவருக்கும் இது புரியும். பௌர்ணமிக்கு லாட்ஜ் வாசலில் வேன் ஏறும், கோடையில் தண்ணீர் லாரி ஏறும். 6000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 6 டன். அதன் வழியில் நடைபாதை மூடியைப் போட்டால் எத்தனை நாள் தாங்கும்?

மூடியைவிட எனக்குப் பெரிய புகார் ஃப்ரேம் பற்றித்தான். மூடி உடைந்தால் மாற்றலாம், ஃப்ரேமை மாற்ற வாசலையே கொத்த வேண்டும். சுற்றிலும் இடைவெளி இல்லாமல் 1:2:4 கான்கிரீட்டில், தரை முடியும் மட்டத்துக்குச் சரியாக அதைப் பதிக்க வேண்டும். நடப்பது என்ன? தரை மட்டம் முடிவாகும் முன்பே ஃப்ரேமை வைத்துவிடுவார்கள். பிறகு பேவர் கல் வந்து மட்டம் ஏறும். உடனே அடியில் நாலு செங்கல் துண்டு, மேலே கொஞ்சம் கலவை, வேலை முடிந்தது. வண்டி ஏறும்போதெல்லாம் "டக் டக்" என்று ஆடும். ஆடுகிற மூடிக்கு ஒரு ஓரத்திலேயே அடி விழும், அங்கேதான் விரிசல் விடும்.

இரும்பு போட்டால் திருடிக்கொண்டு போய் காயலாங்கடையில் போடுகிறார்களே என்பார்கள். உண்மைதான். அதற்குக் கீல், பூட்டு வைத்த மூடி இருக்கிறது. கான்கிரீட்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஐ.எஸ். 12592 இருக்கிறது. ஆனால் மிச்சக் கம்பியை வைத்து சைட்டிலேயே வார்க்கிற மூடியை நான் ஏற்கமாட்டேன். ஓரம் உதிர்ந்து கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். இது வெறுங்காலில் 14 கி.மீ. கிரிவலம் வருகிற ஊர் சார்!

நல்ல மூடி கிடைப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. நியூயார்க் தெருவுக்கே ஹவுராவிலிருந்துதான் மூடி போனது. (அதை வார்த்த தொழிலாளர்கள் செருப்புகூட இல்லாமல் நின்றதை 2007-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அது தனிக் கதை.)

கனமான மூடி மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்ட் 29, மும்பை வெள்ளத்தில் டாக்டர் தீபக் அம்ராபுர்கர் திறந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார். தண்ணீர் வடியட்டும் என்று யாரோ மூடியைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதன் பிறகு மும்பை மாநகராட்சி மூடிக்குக் கீழே கம்பி வலை வைத்தது. புதுக் கட்டடத்தில் ஆழமான சேம்பர் கட்டும்போதே அதையும் வைத்துவிடலாம், பெரிய செலவில்லை.

எனவே ஓனர்களே, மூடியை நீங்களே போய் வாங்குங்கள். எந்த வகை என்பது மூடி மேலேயே வார்த்திருக்கும், எல்.டி., எம்.டி., எச்.டி. என்று. எடை போட்டுப் பாருங்கள். ஃப்ரேம் பதிக்கிற அன்று பக்கத்தில் நில்லுங்கள். கான்கிரீட் இறுகும்வரை வண்டி ஏற்றாதீர்கள். கடைசியாக, மூடி உட்காரும் விளிம்பில் கெட்டியாக கிரீஸ் தடவச் சொல்லுங்கள். மேஸ்திரி "அதெல்லாம் எதுக்கு சார்" என்பார், தடவச் சொல்லுங்கள்.