ஆட வைப்பது சங்கீதமாகாதா?

பறையடித்தால் கால் தானாக ஆடுகிறது; ஆகையால் அது சங்கீதமல்ல, வெறுஞ் சத்தம் என்று சொல்லுகின்ற கனவான்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல சங்கீதத்தை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து கேட்க வேண்டுமாம். உடம்பைத் தொட்டால் மட்டமாம், ஆன்மாவைத் தொட்டால் உயர்வாம். ஆன்மா எங்கே இருக்கிறது என்று நாம் கேட்டால் மாத்திரம் பதில் வருவதில்லை.

சரி, சபைக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். முன் வரிசைப் பெரியவரின் கையைக் கவனியுங்கள். ஆதி தாளமென்றால் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு தரம் தட்டும் வீச்சுமாக எட்டு எண்ணிக்கையும் தொடையின்மேல் விழுந்துகொண்டே இருக்கும். தனி ஆவர்த்தனம் வந்தால் தலையும் சேர்ந்து ஆடும். தொடையில் தட்டினால் ஞானம், தெருவில் கால் தட்டினால் காட்டுமிராண்டித்தனம் என்பது எந்த ஊர் நியாயம்?

அசையாமல் கேட்பவர் மூளையிலும் கைகால்களை இயக்கும் பாகங்கள் தாளத்திற்கு வேலை செய்வதை விஞ்ஞானிகள் கருவி வைத்துக் கண்டிருக்கிறார்கள். பேச்சைக் கேட்கும்போது அசைவதைவிடத் தாளத்தைக் கேட்கும்போது கைக்குழந்தைகள் அதிகம் அசைவதாக 2010-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. (கோயில் கொடையில் பம்பையும் உடுக்கையும் முழங்கியவுடன் சாமி வந்துவிட்டது என்கிறார்களே, அங்கே வந்ததும் இதுதான். அடிப்பதை நிறுத்தினால் சாமியும் மலையேறிவிடுகிறது.)

ஆட வைத்துவிட்டாலே நல்ல சங்கீதமா என்றால், அதுவுமில்லை. தகரத்தை ஓயாமல் தட்டினாலும் குடித்தவன் ஆடுவான். நல்ல பறைக் கலைஞர் அப்படி அடிப்பதில்லை. தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, ஒரு கையில் தடித்த அடிக்குச்சியும் மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சியுமாய் அடியை மாற்றி மாற்றிப் போகிறார். கேட்பவன் கால் எதிர்பார்க்கிற இடத்தில் அடியைச் சற்றே தள்ளிப் போடுகிறார். இதில் கணக்கு இல்லையா, புத்தி இல்லையா? மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது. அது மேடை ஏறியது, பறை மட்டும் வெளியே நின்றது. குற்றம் தோலிலுமில்லை, ஆட்டத்திலுமில்லை. அடிக்கின்றவன் ஜாதியைப் பார்த்து வந்த தீர்ப்பு அது.

நம் தோழர்களிலேயே சிலர் பறையைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். அந்தக் கோபத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். ஊரார் சாவுக்கெல்லாம் போய் அடித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில் தலைமுறை தலைமுறையாய் நின்றவர்களுக்குத்தான் அந்தச் சத்தத்தின் கசப்புத் தெரியும். ஆனால் சேவகத்தை விடுவதற்காக வித்தையையும் விட்டால், அது வித்தையே அல்ல என்று சொன்ன கனவான்களுக்குத்தானே ஜெயம்? 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சர்க்கார் பட்டங்களில் நமக்கு மோகமில்லை. ஆனாலும் அது சேவகத்திற்குக் கொடுத்ததல்ல, வித்தைக்குக் கொடுத்தது. இன்று பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் பறை பழகுகிறார்கள்.

எழவு வீட்டுக்கு வந்து அடியென்று எவனாவது கட்டளையிட்டால், தோழர்களே, குச்சியைக் கீழே வையுங்கள். மேடைக்குக் கூப்பிட்டால் போங்கள். நாற்காலிகளைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், ஆட இடம் வேண்டும்.