மாரியில கடற்கரைக்கு ஆர் பூட்டுப் போட்டது?

அறுகம்பேயில ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும் 'சீசன்', மிச்ச மாதமெல்லாம் 'ஓஃப் சீசன்'. அது அலைச்சறுக்கு ஆக்களின்ட கணக்கு. ஆலையடிவேம்பில பிறந்த நாங்களும் அதே கணக்கில கடற்கரையை மூடி வைக்கிறதுதான் விளங்குதில்ல.

இங்கிலாந்தில டிசம்பர்க் குளிரிலயும் சனம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கரையோரம் சும்மா நடக்குது. அதற்கு 2009இல் சட்டமே இயற்றினார்கள். திட்டமிட்ட பாதை 4,000 கிலோமீற்றருக்கும் அதிகம்.

நமக்கோ நடக்கிறதுக்கு இன்னொரு காரணமும் கிடக்கு. ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. அதன் கல்லணை மணல் ஓட்டத்தை மறித்தது. வாயில் மணல் நிரம்பியது, வடக்கே கரை அரிபட்டது, தென்னைகள் கடலுக்குள் போயின. வாடைக்காற்று மாதங்களிலும் கடல் இப்படித் தின்னும். கோடையில செல்ஃபி எடுக்கப் போறவருக்கு இது எங்க தெரியப் போகுது?

டிசம்பர் எண்டாலே வீட்டில மறிக்கிறாங்க. 2004 டிசம்பர் 26ஐக் கண்ணால கண்டவங்க. அந்தப் பயத்தை நாங்க பழிக்கல்ல. ஆனா "பொம்பிளப் பிள்ளைக்குக் கடற்கரையில என்ன வேலை?" எண்டு கேக்கிறதுக்குச் சுனாமியா காரணம்?

வாற மார்கழியில, மழை விட்ட ஒரு காலையில, சின்னமுகத்துவாரத்தில இருந்து தம்பட்டை, தம்பிலுவில் தாண்டித் திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோயில் மட்டும் நடப்பம். தங்கச்சிமாரும் வரட்டும். கடலில இறங்கிறதில்ல. முகத்துவாரம் வெட்டியிருந்தா றோட்டால சுத்திப் போவம். மறுகா பஸ்ஸில திரும்பலாம்.